பிறர் வாக்கு எவ்வளவு செல்லும்? சட்டக் கல்விச் சேர்க்கையும் பரிந்துரைக் கடிதமும்

1974-இல் தொடங்கிய மதுரை அரசு சட்டக் கல்லூரியில் இடம் பெற யாரிடமும் போய் நற்சொல் வாங்கி வரத் தேவையில்லை. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண், இடஒதுக்கீட்டு வரிசை: தரவரிசைப் பட்டியல் அவ்வளவில் முடிந்துவிடும். திருச்சியில் 2013 முதல் இயங்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமானால் கிளாட் என்னும் பொது நுழைவுத் தேர்வு. அங்கும் யாருடைய வாக்கும் கணக்கில் வராது. ஆனால் அதே மாணவர் படிப்பை முடித்து லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ எல்.எல்.எம். விண்ணப்பிக்கும்போது, அவரை நன்கறிந்த இரண்டு மூன்று பேர் அவரைப் பற்றி எழுதித் தர வேண்டும். அதுவரை கேட்கப்படாத ஒன்று, அந்த நேரத்தில் இன்றியமையாததாகிறது.

ஒருவரின் தகுதியைப் பற்றி இன்னொருவர் சொல்வதற்கு எவ்வளவு எடை தரலாம்? இது பழைய கேள்வி. இந்தியாவில் கம்பெனி ஆட்சிக் காலத்திலிருந்தே இதற்கு மாறிமாறி விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அவ்விடைகளை நான்கு நிலைப்பாடுகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே இடறுகிறது, மதுரையிலிருந்து வெளிநாட்டுச் சட்டப் பள்ளிக்கு முயலும் மாணவருக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடைத்தாளே பேசட்டும்

முதல் நிலைப்பாடு, பிறர் வாக்கே வேண்டாம் என்பது. கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரி வேலை என்பது இயக்குநர்களின் நியமனத்தில் கிடைத்தது. இயக்குநர் ஒருவர் கைகாட்டும் இளைஞர் ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு மாவட்டத்தை ஆள வந்துவிடலாம். 1853-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்த உரிமையைப் பறித்தது. மெக்காலே குழுவின் 1854 அறிக்கையைத் தொடர்ந்து 1855-இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. கைகாட்டும் முறை எப்போதும் திறமையற்றவர்களையே அனுப்பியது என்று சொல்லிவிட முடியாது. மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் உருவாக வழி செய்த கலெக்டர் பிளாக்பர்ன் அந்தக் காலத்தவரே. ஆனால் கைகாட்ட ஆளில்லாதவருக்கு அந்த முறையில் வாசலே கிடையாது. தேர்வு முறையின் நியாயம் அங்கிருந்து பிறந்தது.

விடுதலைக்குப் பின் இந்த வாதத்தைக் கூர்மையாக்கியவை நீதிமன்றங்கள். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று நேர்காணலுக்கு 75 மதிப்பெண். அதை உரிய தலைப்புவாரியாகப் பிரித்து அளிக்காமல் தேர்வுக் குழுவினர் ஒட்டுமொத்தமாகப் போட்டிருந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து வந்த அஜய் ஹாசியா வழக்கு, ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியைப் பற்றியது. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு ஒதுக்கியது மிகை, 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது நீதிமன்றம். இரண்டு மூன்று நிமிடம் பெற்றோர் யார், ஊர் எது என்று கேட்டு மதிப்பெண் போட்டார்கள் என்பது அவ்வழக்கின் முக்கியமான புகார். தனிமனிதரின் அபிப்பிராயம் சேர்க்கையில் கலந்தால் அங்கே சாதியும் செல்வாக்கும் உறவும் நுழையும் என்ற பொது அனுபவத்துக்கு இத்தீர்ப்புகள் சட்ட வடிவம் தந்தன. சிபாரிசு என்றாலே தமிழ்நாட்டு வாசகர் முகம் சுளிப்பது இந்த அனுபவத்தால்தான்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனங்களும் தெரிந்தவையே. மதிப்பெண் ஒரு நாளின் எழுத்தை அளக்கிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் நிதானம், எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லும் பண்பு, தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் மனம் ஆகியவற்றை விடைத்தாள் காட்டாது. 2008-இல் தொடங்கிய கிளாட் தேர்வும் முழுக்கச் சமதளம் அல்ல. ஆங்கில வாசிப்புத் திறனும் பயிற்சி மையக் கட்டணமும் அதில் வெற்றியைப் பாதிக்கின்றன என்ற விமர்சனம் தொடர்ந்து இருக்கிறது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தமிழ்வழியில் படித்தவருக்கு அந்தத் தேர்வு நடுநிலையானது என்று சொல்வது கடினம்.

நன்னடத்தைக்கு யார் பொறுப்பு?

இரண்டாவது நிலைப்பாடு சட்டத் தொழிலுக்கே உரியது. வழக்கறிஞரிடம் மக்கள் சொத்துப் பத்திரத்தையும் குடும்ப ரகசியத்தையும் ஒப்படைக்கிறார்கள். ஆகவே அறிவைத் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம், நாணயத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்பது இவ்வாதம். லண்டனின் சட்டக் கழகங்கள் சேர வந்தவர்களிடம் நற்குணச் சான்று கேட்டதற்கு இதுவே அடிப்படை. மிடில் டெம்பிளில் பாரிஸ்டராகி மதுரையில் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப் அந்த மரபின் வழியாக வந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிராகப் பிரமலைக் கள்ளர்களுக்காக நின்ற அவரை அம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள்.

ஆனால் குணத்தை யார் எடை போடுவது என்று கேட்டவுடன் இந்த நிலைப்பாடு தடுமாறுகிறது. 1909 ஜூலையில் லண்டனில் ஆங்கிலேய அதிகாரி கர்சன் வைலி இந்திய மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட பின் இந்திய மாணவர்கள் மீது சந்தேகம் இறுகியது. கிரேஸ் இன் கழகம் சாவர்க்கருக்குப் பாரிஸ்டர் பட்டம் தர மறுத்தது. லிங்கன்ஸ் இன்னில் படித்த வரகனேரி வ.வே.சு. ஐயர் விசுவாசப் பிரமாணம் எடுக்க மனமின்றிப் பட்டத்தையே உதறினார். அதே ஆண்டு இந்திய மாணவர்களுக்கென அரசு லண்டனில் ஒரு தகவல் அலுவலகம் திறந்தபோது, அது உதவிக்கா கண்காணிப்புக்கா என்று மாணவர்கள் ஐயப்பட்டார்கள். நற்குணம் என்பதன் பொருள் ஆட்சிக்கு இணக்கம் என்று சுருங்குவது எவ்வளவு எளிது என்பதற்கு இது நம்மவர் வரலாற்றிலேயே உள்ள சான்று.

அமெரிக்காவிலும் இதற்கு இணை உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் 1920-களில் குணம், ஆளுமை, பரிந்துரை ஆகியவற்றுக்குச் சேர்க்கையில் அழுத்தம் தரத் தொடங்கியதற்குத் தேர்வில் முன்னணியில் வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் விருப்பமும் காரணம் என்று சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக வாதிட்டார். இன்று நாம் பணிந்து நிரப்பும் பரிந்துரைப் படிவத்துக்கு இப்படியும் ஒரு வம்சாவளி உண்டு.

நம்மூரில் இந்த நிலைப்பாட்டின் எச்சம், மாற்றுச் சான்றிதழில் உள்ள நடத்தை என்ற கட்டம். பெரும்பாலும் அதில் 'நன்று' என்றே எழுதப்படும். எல்லாருக்கும் ஒன்றே எழுதப்படுவதால் அது யாரையும் பற்றி எதுவும் சொல்வதில்லை. யாருக்கும் தீங்கு செய்யாத சான்று, யாருக்கும் உதவாததாகவும் ஆகிவிடுகிறது.

ஆய்வுகள் காட்டும் படம்

மூன்றாவது நிலைப்பாடு, குணம் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டுக் கடிதத்தை ஒரு தகவல் ஆவணமாக மட்டும் பார்க்கிறது. படிப்பில் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதைக் கடிதம் முன்கூட்டிச் சொல்கிறதா? குன்செல், கொச்சேவர், ஒன்ஸ் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, கடிதத்துக்கு முன்கணிப்புத் திறன் உண்டு, ஆனால் சிறியது. மதிப்பெண்ணும் தேர்வும் ஏற்கெனவே சொல்லிவிட்டதற்கு மேல் கடிதம் சேர்ப்பது பொதுவாகக் கொஞ்சமே. படிப்பை விடாமல் முடித்துப் பட்டம் பெறுவாரா என்ற விஷயத்தில் மட்டும் அது கூடுதலாக ஏதோ சொல்கிறது. உழைப்பும் விடாமுயற்சியும் விடைத்தாளைவிட ஆசிரியர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இது வியப்பல்ல.

இதைவிட உறுத்தலான முடிவு 1981-இல் வந்தது. பாக்ஸ்டரும் உடன் ஆய்ந்தவர்களும் உளவியல் மேற்படிப்பு விண்ணப்பங்களை ஒப்பிட்டபோது, ஒரே ஆசிரியர் இரு மாணவருக்கு எழுதிய கடிதங்கள், ஒரே மாணவருக்கு இரு ஆசிரியர் எழுதிய கடிதங்களைவிட அதிகம் ஒத்திருந்தன. கடிதம் எழுதப்படுபவரைக் காட்டிலும் எழுதுபவரையே அதிகம் காட்டுகிறது என்று பொருள்.

பாரபட்சம் பற்றிய ஆய்வுகளும் சேர்ந்துகொண்டன. டிரிக்ஸ், சென்கா இருவரும் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியப் பணிக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை ஆய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குட்டையாக இருந்தன, ஐயம் கிளப்பும் தொடர்கள் அவற்றில் அதிகம். ஆண்களின் ஆராய்ச்சியும் பெண்களின் கற்பித்தலும் முன்னிறுத்தப்பட்டன. புவி அறிவியல் ஆய்வுப் பணிகளுக்கு 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 கடிதங்களைப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், மிகச் சிறந்த கடிதம் கிடைக்கும் வாய்ப்பு ஆண்களோடு ஒப்பிடப் பெண்களுக்கு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இவை எவையும் சட்டக் கல்வியைப் பற்றியவை அல்ல. ஆகவே அப்படியே பொருத்திவிடுவது சரியாகாது. ஆனால் பணிவானவள், பொறுப்பானவள் என்று மாணவிகளையும், கூர்மையானவன், துணிந்து வாதிடுபவன் என்று மாணவர்களையும் பாராட்டும் பழக்கம் நம் ஆசிரியர் அறைகளில் இல்லை என்று சொல்லவும் முடியாது.

படிவமாக்கினால் நேராகுமா?

நான்காவது நிலைப்பாடு, கடிதத்தைக் கைவிடாமல் அதன் அமைப்பை மாற்றச் சொல்கிறது. பிரிட்டனின் இளநிலைச் சேர்க்கை அமைப்பான யூகாஸ், 2024 சேர்க்கையிலிருந்து ஆசிரியர் பரிந்துரையை மூன்று பகுதிகளாகப் பிரித்தது. பள்ளியின் சூழல் என்ன, மாணவரின் படிப்பைப் பாதித்த நிலைமைகள் உண்டா, அவரைப் பற்றிப் பல்கலைக்கழகம் அறிய வேண்டிய வேறு எதுவும் உண்டா என்பவையே அவை. புகழுரைக்கு இடம் குறைந்து தகவலுக்கு இடம் கூடியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கடிதம் கேட்டுப் பார்த்த ஒரு சோதனை முயற்சியைப் பொருளியலாளர் ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் ஆராய்ந்தார். கடிதம் பின்தங்கிய பிரிவினரைப் பாதிக்கும் என்ற அச்சத்துக்கு மாறாக, அது அவர்களுக்குச் சற்றே சாதகமாகவே அமைந்தது என்பது அவர் முடிவு.

இதன் பலவீனம் நடைமுறையில் உள்ளது. சூழலை விளக்க மாணவரின் சூழல் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரைச் சட்டக் கல்லூரியில் வாங்கிய 60 விழுக்காடு எந்த அளவுக்கு உழைப்பின் பலன் என்பது லண்டனில் இருப்பவருக்குத் தெரியாது. அதை எடுத்துச் சொல்லும் கடிதம் பெரிய உதவி. அதைச் சொல்லாமல் விட்டால் படிவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

மதுரையில் ஒரு கடிதம் உருவாகும் விதம்

இந்த நான்கு நிலைப்பாடுகளும் பெரும்பாலும் கடிதத்தை வாசிக்கும் பக்கத்திலிருந்து பேசுகின்றன. அது எழுதப்படும் பக்கத்தைப் பார்த்தால் வேறு சிக்கல் தெரிகிறது. ஆக்ஸ்போர்டின் பி.சி.எல். என்ற முதுநிலைச் சட்டப் படிப்பு மூன்று பரிந்துரைகளைக் கேட்கிறது. கேம்பிரிட்ஜும் லண்டன் பொருளியல் பள்ளியும் எல்.எல்.எம். படிப்புக்கு இரண்டு கேட்கின்றன. இவை முதலில் நாடுவது மாணவருக்குப் பாடம் சொன்னவர்களின் மதிப்பீட்டை. அரசு சட்டக் கல்லூரிகளில் ஆசிரியர் பணி மாறுதலுக்கு உட்பட்டது. முதலாண்டில் ஒப்பந்தச் சட்டம் நடத்தியவர் ஐந்தாம் ஆண்டில் திருநெல்வேலியிலோ கோயம்புத்தூரிலோ இருக்கக் கூடும். பல்கலைக்கழகம் ஆசிரியரின் அலுவல் மின்னஞ்சலைக் கேட்கும்; நம் ஆசிரியர்கள் பலர் பயன்படுத்துவதோ ஜிமெயில். போய்க் கேட்டால் பல இடங்களில் வரும் பதில் ஒன்றுதான்: "நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாப்பா, லெட்டர்ஹெட்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அதில் அன்பும் உண்டு, நேரமின்மையும் உண்டு. ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதும் மாணவருக்குத் தன்னை ஆசிரியர் எப்படிப் பார்த்தார் என்பது தெரியாது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தின் பெயரடைகளே வந்து விழும். மூன்று மாணவர்கள் மூன்று ஆசிரியரிடம் ஒரே மாதிரிக் கடிதத்தைக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் வாசிப்பவருக்கு அது தெரியாமல் போகாது.

அடுத்த பழக்கம், பெரிய பெயரைத் தேடுவது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பின் நகரில் மூத்த வழக்கறிஞர்களின் சேம்பர்கள் பெருகின. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் கடிதம் எல்லாக் கதவையும் திறக்கும் என்ற நம்பிக்கையும் அதோடு வளர்ந்தது. பல்கலைக்கழகங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்கு மாறானது: எழுதுபவர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட மாணவரின் வேலையை எவ்வளவு நெருக்கமாகப் பார்த்தார் என்பது முக்கியம். ஒருமுறை வீட்டுக்குப் போய் வணங்கி வாங்கி வந்த கடிதம், அந்த ஒருமுறையைத் தாண்டி எதையும் சொல்ல முடியாது. சேம்பரில் மாதக்கணக்கில் கேஸ் கட்டுப் பார்த்து, மனு வரைந்து, வாய்தா நாளில் கூட நின்ற ஜூனியரைப் பற்றி அந்த சீனியர் எழுதினால் கதை வேறு.

வலு எங்கிருந்து வருகிறது

வலுவான கடிதத்தையும் வெறும் கடிதத்தையும் பிரிப்பது என்ன என்று பார்க்க இரண்டு வாக்கியங்கள் போதும். "இவர் கடின உழைப்பாளி, சிறந்த தலைமைப் பண்பு உடையவர், எதிர்காலத்தில் ஒளிர்வார்." இதில் பெயரை மாற்றி யாருக்கும் அனுப்பலாம். "மாதிரி வழக்காடலில் குத்தகைதாரர் தரப்புக்கு இவர் தந்த எழுத்துவாதத்தில் ஒரு முன்தீர்ப்பைத் தவறாகப் படித்திருந்தார். சுட்டிக்காட்டியதும் அதைக் கைவிட்டு, வேறு அடிப்படையில் வாதத்தைக் கட்டி அடுத்த வாரம் கொண்டுவந்தார்." இதை இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. இதில் புகழ்ச்சி இல்லை, ஒரு குறையும் இருக்கிறது. ஆனால் வாசிப்பவருக்கு ஓர் ஆள் தெரிகிறார். பாக்ஸ்டர் சுட்டிய குறைக்கு ஒரே மருந்தும் இதுதான்: நடந்ததைச் சொல்வது.

இப்படி எழுத, பார்த்திருக்க வேண்டும். பார்ப்பதற்கான ஏற்பாடு நம் பாடத்திட்டத்தில் தாளளவிலாவது இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் ஒரு பிரிவில் 60 மாணவருக்கு மேல் கூடாது என்கின்றன. ஐந்தாண்டு மாணவருக்கு 20 வாரம், மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரம் குறைந்தபட்ச இன்டர்ன்ஷிப் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் மூன்று மாதிரி வழக்காடலில் பங்கேற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். அதில் எழுத்துவாதத்துக்கு 5, வாய்மொழி வாதத்துக்கு 5. விசாரணை நீதிமன்ற நடவடிக்கையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த ரெக்கார்டு நோட்டு சீனியர் மாணவரின் நோட்டைப் பார்த்து நகலெடுத்ததாக இருந்தால் வெறும் சடங்கு. உண்மையாகச் செய்து, ஆசிரியர் ஓரத்தில் இரண்டு வரி குறிப்பு எழுதியிருந்தால், மூன்றாண்டு கழித்து எழுதப்படும் கடிதத்துக்கு அதுவே மூலப்பொருள்.

மாணவர் செய்யக் கூடியதும் இதிலிருந்தே தெளிகிறது. கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் ஓடுவதைவிட, ஆறேழு வாரம் முன்பே கேட்பது. கேட்கும்போது மதிப்பெண் பட்டியல், ஒரு கட்டுரை, வழக்காடலின் எழுத்துவாதம், விண்ணப்பிக்கும் படிப்பின் விவரம் ஆகியவற்றைச் சேர்த்துத் தருவது. கடிதத்தையே எழுதித் தருவதற்குப் பதில், தம் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று நிகழ்வுகளை நினைவூட்டும் குறிப்பைத் தருவது. தயங்கும் ஆசிரியரை வற்புறுத்தாமல் விடுவது. மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்கன் கல்லூரியிலோ லேடி டோக் கல்லூரியிலோ தியாகராசர் கல்லூரியிலோ இளங்கலை படித்தபோது சிறிய வகுப்பில் கூர்ந்து பார்த்த பேராசிரியர், சட்டம் கற்பித்தவரைவிடச் சில வேளைகளில் மேலான சாட்சியாகலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவரிடம், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். 1974-ஆம் ஆண்டுச் சட்டமொன்று மாணவருக்குத் தந்த உரிமை அது. விட்டுக்கொடுத்த கடிதத்துக்கே நம்பகம் அதிகம் என்பது பொதுவான கருத்து. மாணவரே தட்டச்சு செய்த கடிதத்துக்கு இந்தக் கேள்வி அர்த்தமற்றதாகிவிடுகிறது.

தீர்ந்தவையும் தீராதவையும்

சில முடிவுகளுக்கு ஓரளவு உறுதியாக வரலாம். மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கடிதத்தை வைக்க எந்த ஆய்வும் ஆதரவு தரவில்லை. இளநிலைச் சேர்க்கையில் தமிழ்நாடு பிறர் வாக்கை ஒதுக்கி வைத்திருப்பதற்கு வரலாற்றுக் காரணங்களும் சட்டக் காரணங்களும் வலுவாக உள்ளன. குணச் சான்று என்ற பழைய வடிவத்தில் கடிதம் விலக்குவதற்கே அதிகம் பயன்பட்டிருக்கிறது. கண்ணால் கண்ட வேலையை விவரிக்கும் ஆவணமாக மட்டுமே அதற்கு ஓரளவு மதிப்பு இருக்கிறது.

இதிலிருந்து பெறப்படுவது, மாணவரின் திறமையைப் போலவே அவர் படித்த கல்லூரி அவரைப் பார்க்க எடுத்துக்கொண்ட சிரமமும் கடிதத்தில் அளக்கப்படுகிறது என்பது. அப்படியானால் வலுவான கடிதம் பெறுவது எப்படி என்ற கேள்வியை மாணவரிடம் மட்டும் கேட்பது பாதி நியாயமே. மாறுதலாகிப் போன ஆசிரியரின் மதிப்பீடும் மாணவரோடு தங்கும்படி ஆண்டுதோறும் ஒரு பக்கக் குறிப்பைக் கல்லூரிக் கோப்பில் வைப்பது, ஆசிரியர்களுக்கு அலுவல் மின்னஞ்சல் தருவது, வழக்காடல் பதிவேட்டை உண்மையாக நடத்துவது ஆகியவை பெரிய செலவு பிடிக்காதவை.

தீராத கேள்விகள் மூன்று. சூழலை விளக்கும் படிவ முறை மேற்படிப்புக்கும் வந்தால், அதை நன்றாக நிரப்பத் தெரிந்த வசதியான கல்லூரிகளே மறுபடி முந்துமா? செயற்கை நுண்ணறிவு எல்லாருக்கும் வழவழப்பான கடிதம் எழுதித் தரும் காலத்தில், நடை வேறுபாடு மறைந்து விவரம் மட்டும் எஞ்சுமா, அல்லது விவரமும் புனையப்படுமா? கோப்பில் குறிப்பு வைக்கும் ஏற்பாடு, ஆசிரியரின் சாய்வை நிரந்தரப் பதிவாக்கும் அபாயத்தை எப்படித் தவிர்க்கும்? முதலிரண்டுக்கும் விடை பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் நடைமுறையைப் பொறுத்தது. மூன்றாவதை இங்குள்ள கல்லூரி ஒன்றே சில ஆண்டுகள் செய்து பார்த்து, மாணவருக்கும் தம் குறிப்பைப் படித்துப் பதில் எழுதும் உரிமை தந்து, விளைவை வெளியிடலாம். அதுவரை அந்த ஏற்பாட்டை ஒரு யோசனையாக மட்டுமே முன்வைக்க முடியும்.